இரண்டு நாற்பது ரயில்

இரண்டு நாற்பதுக்கு வீட்டை ஒட்டிய தண்டவாளத்தில் ரயில் வரும். அதற்குள் தரகர் மாடி வீட்டைக் காட்டி, வாடகைக்குப் பார்க்க வந்த கணவன் மனைவி இருவரையும் கீழே இறக்கிவிட வேண்டும். எட்டு மாதமாக ஆள் வராத வீடு. இந்த முறையும் ஆள் அமையாமல் போனால் வேறு தரகரிடம் கொடுத்துவிடுவதாக ஓனர் சொல்லிவிட்டார்.

“காலையில பாத்த பூங்காத் தெருவ விட இங்க வாடகை பாதிதாம்மா” என்றார் தரகர்.

“அங்க ஈ பறந்தாலே அடுத்த வீட்டுக்குக் கேக்குதுங்க” என்றாள் அவள், குறையாக.

அவர் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது. தரகர் கண்ணை மூடிக்கொண்டார்.

சத்தம் அடங்கியதும் கணவன் கேட்டான். “ஒரு நாளைக்கு எத்தனை ரயில்ணே?”

“நாப்பது.” உண்மை தானாக வந்துவிட்டது.

“அப்ப இங்க உள்ளவங்க எந்தச் சத்தத்துக்கும் சண்டைக்கு வர மாட்டாங்க.”

“வரவே மாட்டாங்க தம்பி. அதுக்கு நான் பொறுப்பு.”

அவன் அட்வான்ஸைக் கையில் வைத்தான். தரகர் சாவியைக் கொடுத்தார்.

“நாங்க ரெண்டு பேரும் டிரம்ஸ் வாத்தியாருங்க. காலையில அஞ்சு மணிக்கே பன்னெண்டு பசங்க வந்துடுவாங்க” என்றான் அவன்.

அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கீழ் வீட்டு வாசலில் தரகரின் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“அந்தக்காவப் பாத்தா சாதுவாத் தெரியுது. அவங்க வீட்டுக்காரர் எப்படிண்ணே?”