ஐந்தாவது இன்னிங்ஸோடு

தொலைபேசி மறுபடியும் அடித்தது. காலையிலிருந்து இது நாற்பத்து மூன்றாவது. பேஸ்பால் பயிற்சியாளர் மினகாவா, எதிரில் ஆளே நிற்பது போல ஒருமுறை குனிந்து வணங்கிவிட்டு எடுத்தார்.

"ஏன்யா, உனக்கு மூளை கீளை இருக்கா? ஜெயிச்சிட்டிருக்கற மேட்ச்ல எவனாவது ஷூஹெயைத் தூக்குவானா?"

"முடிவு என்னோடதுங்க. மன்னிச்சுக்குங்க."

"மன்னிச்சுட்டா கோஷியன் போயிடலாமா?" படக்கென்று வைத்துவிட்டார்கள்.

கேட்டவர் மேல் தப்பில்லை. கோடை வந்தால் நாடே டிவி முன்னால் உட்கார்ந்து பார்க்கிற கோஷியன் மைதானத்தில் இந்தத் துறைமுக ஊர்ப் பள்ளி காலடி வைத்ததே கிடையாது. நேற்றைய மாவட்ட இறுதிப் போட்டியை ஜெயித்திருந்தால் போயிருக்கலாம்.

ஒன்பது இன்னிங்ஸில் ஐந்து முடிந்திருந்தது. பந்து வீசிய ஷூஹெய் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மினகாவா அவனை உட்காரவைத்துவிட்டு இன்னொரு பையனை இறக்கினார். இரண்டுக்கு ஐந்து என்று தோற்றுத் தொலைத்தார்கள். வயிறு எரியாதா ஊருக்கு?

"சார், பேசாம ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லிடுங்களேன்" என்றாள் அலுவலகத்து ஹனவா அம்மாள். "ஆறு நாள்ல நாலு மேட்ச் வீசின பதினேழு வயசுக் கை. நிறுத்தினது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கடைசி மேட்ச் சார்! இன்னும் நாலே நாலு இன்னிங்ஸ்!"

"சொல்ல முடியாதும்மா."

மினகாவாவால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். வெளியே சிள்வண்டுகள் விடாமல் கத்தின, உள்ளே போன் கத்தியது. ஊற்றிவைத்த பார்லி டீயை அவர் தொடவே இல்லை.

கதவு தடாலென்று திறந்தது. ஷூஹெயின் அப்பா குராமோச்சி, கணவாய் மீன் பிடிக்கிற படகிலிருந்து நேராக ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றார். பின்னால் ஷூஹெய்.

"ஊர் பூரா இவனை நம்பி உட்கார்ந்திருந்துச்சு. இவனை நிறுத்த நீங்க யாருங்க?" குராமோச்சி போட்ட சத்தத்தில் மற்ற ஆசிரியர்கள் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள். "சாகற வரைக்கும் இவன் இதை நினைச்சுப் புழுங்கணும், அதானே உங்க ஆசை? கேளுங்க, இவனையே கேளுங்க!"

"இன்னும் நாலு இன்னிங்ஸ் அசால்ட்டா வீசியிருப்பேன் சார்! என்னை ஏன் எடுத்தீங்க?" என்று ஷூஹெய் கத்தினான். கத்தும்போது அவன் பார்த்தது மினகாவாவை அல்ல, அப்பாவை.

மினகாவா குனிந்தார். "முடிவு என்னோடது."

"டேய், நீ போய் வண்டியில உட்காரு. இவர்கிட்ட நான் தனியாப் பேசணும்."

பையன் போனதும், குராமோச்சி மினகாவாவைப் பக்கத்து அறைக்குள் தள்ளாத குறையாகக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். கை நீட்டிவிடப் போகிறாரே என்று ஹனவா அம்மாளுக்குப் பதறியது.

உள்ளே குராமோச்சி மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார்.

"சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டீங்க சார்."

"எந்திரிங்க, எந்திரிங்க."

"போன வாரம் உங்க வீட்டுக்கே வந்து கேட்டேனே, ஃபைனலுக்குப் போனா அதுல அஞ்சு இன்னிங்ஸுக்கு மேல என் பையனை விடாதீங்கன்னு. நீங்க மட்டும் ஒத்துக்கலைன்னா..." அவர் வலது கையை உயர்த்திக் காட்டினார். அது தோளைத் தாண்டவில்லை. "இதே ஸ்கூலுக்காக நாலு நாள் விடாம வீசின கை சார் இது. இருபத்தேழு வருஷமா என்னால இந்தக் கையால தலை சீவ முடியல. அந்தக் கஷ்டம் அவனுக்கு வேணாம்."

"புரியுதுங்க."

"அவன் முன்னாடி உங்களை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. பெத்த அப்பனே தன் கையை நம்பலைன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவான். கோஷியன்தான் அவனுக்கு உசிரு. இது நமக்குள்ளேயே இருக்கட்டும் சார்."

மினகாவா எதையோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். "என் வாயிலிருந்து வராதுங்க."

குராமோச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகத்தை மறுபடி கடுகடுவென்று ஆக்கிக்கொண்டு கதவைத் திறந்தவர், "உங்களைச் சும்மா விடமாட்டேன்!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்திவிட்டு, பூட்ஸ் தடதடக்கப் போனார். மினகாவா அங்கேயே நாற்காலியில் சாய்ந்தார்.

போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

அறையின் பின்பக்க ஜன்னலை யாரோ தட்டினார்கள். திறந்தார். மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தான் ஷூஹெய். வலது முழங்கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். வண்டி நிற்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ரகசியமாகக் கேட்டான்:

"அஞ்சோட எடுக்கச் சொல்லி அழுதது நான்தான்னு அப்பாவுக்குத் தெரியலையே, சார்?"