சுண்டெலியும் கெண்டையும்

விபத்தில் அடிபட்ட லாரி ஓட்டுநர் ஆரோக்கியதாஸின் இடதுகால் மூன்று மாதமாக அசையவில்லை. "இனிமே கிளட்சு மிதிப்பேனாம்மா?" என்று தினமும் கேட்பார். பிசியோதெரபிஸ்ட் சுபத்ரா அன்று பேச்சை மாற்றினாள்.

"மசில்னு சொல்றோமே, அதுக்கு லத்தீன்ல சுண்டெலின்னு அர்த்தம்ணே. தோலுக்குக் கீழ ஓடுற மாதிரி இருக்குல்ல, அதான்."

"எலியா! நாம கெண்டை மீனுன்னுல்ல கெண்டைச்சதைங்கிறோம்? எதுவோ ஒண்ணு, சீக்கிரம் புடிச்சுக் குடும்மா."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தச் சதையில் விரலை வைத்தாள்.

"பாதத்தைக் கீழ அழுத்துங்க."

அவர் பல்லைக் கடித்தார். விரலுக்கு அடியில் ஏதோ துடித்தது.

"வந்துச்சாம்மா?"

துடித்தது அவர் காலா, தன் விரலில் ஓடும் நாடியா என்று அவளுக்குத் தெரியவில்லை. கையை எடுத்துவிட்டு, கண்ணால் பார்க்கக் காலருகே குனிந்தாள்.

"இன்னொரு தடவை அழுத்துங்கண்ணே."