சாம்பியன் செல்வலட்சுமி

தேவிகுளம் ரிசார்ட்டில் துணி மடிக்கும் செல்வலட்சுமிக்கு பில்லியர்ட்ஸ் ஸ்டிக்கை நேராகப் பிடிக்கவே வராது. ஆனாலும் ஊழியர்களின் ஆண்டுப் போட்டிக்கு முந்தின நாள் பயிற்சி ஆட்டத்தில் ஐந்து பேரைச் சாய்த்துவிட்டாள்.

மூன்று வருஷமாகக் கோப்பை வாங்கும் சமையல்காரர் சுடலைகூட, குழிவாயில் நின்ற பந்தைத் தவறவிட்டு, "ஒன் கை ராசியான கை, தாயி!" என்று கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கோப்பைக்கு அலமாரியில் இடம் ஒதுக்கினாள்.

போட்டியை நடத்தும் புருஷன் அருண்பாண்டி தலையில் கைவைத்தான். "எல்லா ஆட்டமும் ஜெயிச்சுத் தொலைச்சியா? இன்னைக்குத் தோத்தவங்களுக்கு நாளைக்குப் போட்டியில ரெண்டு பந்து இனாம். அப்பத்தானே ஆட்டம் சமமா இருக்கும்?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ரகசியம்டி! சுடலையண்ணன் ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். அவரும் யாருக்கும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்காரு."