மஞ்சள் காவி

அவள் வாளியைக் கலக்கினாள். போதாது என்று தோன்றியது. மறுபடியும் கலக்கினாள்.

மஞ்சள் காவி. கணவன் வாங்கி வைத்துவிட்டுக் கடலுக்குப் போன நிறம்.

"சாம்பாரக் கொட்டின மாதிரி இருக்கு" என்று அன்றைக்குக் கேலி செய்திருந்தாள். அவனும் சிரித்தான். பொங்கலுக்குள் நானே அடித்துத் தருகிறேன், பார்த்துவிட்டு அப்புறம் சொல் என்றான்.

புயலுக்கு முன்னால் போன படகுகளில் அவனுடையது மட்டும் கரைக்கு வரவில்லை.

சாவு விழுந்த வீட்டுக்கு அந்த வருடம் பொங்கல் கிடையாது. சுவருக்குச் சுண்ணாம்புகூடக் கிடையாது. ஊர் வழக்கம்.

அதனால்தான் அடிக்கிறாள்.

மதியம் அவன் அண்ணன் அஞ்சப்பன் ஆட்களோடு வருகிறார். உடல் கிடைக்காவிட்டாலும் கருமாதியைச் செய்துவிட வேண்டும் என்கிறார். நாள் குறிக்க வேண்டுமாம். நல்ல மனிதர்தான். இந்த வீட்டில் அடுப்பு எரிவதே அவர் அனுப்பும் அரிசியில். கெட்டவராக இருந்தால் வாசலிலேயே நாலு கேள்வி கேட்டு அனுப்பிவிடலாம்.

அவர்கள் வருவதற்குள் ஒரு சுவராவது முடிய வேண்டும்.

பழைய சுண்ணாம்பைச் சுரண்டவில்லை. அதற்கெல்லாம் நேரம் எங்கே? வேகவேகமாக இழுத்தாள். நிறம் திட்டுத்திட்டாக நின்றது. காயாமலேயே மேலே இன்னொரு பூச்சு. பிரஷ் மயிர் சுவரில் ஒட்டியது. நகத்தால் கிள்ளி எடுத்தாள்.

தெருவில் செருப்புச் சத்தம். கை நின்றது.

வேறு யாரோ.

உலை வைக்கவில்லை. தலை முடியவில்லை. மூலையில் தொடங்கியதைப் பாதியில் விட்டு நடுவுக்கு வந்தாள். அதையும் விட்டு வாசல் பக்கம் ஓடினாள். உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதானே.

வந்தே விட்டார்கள்.

அஞ்சப்பன் நிலைப்படியில் நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். யாரும் உட்காரவில்லை. சுவரையே பார்த்தார்கள்.

அவள் திரும்பவில்லை. முகத்தைப் பார்த்தால் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பூசிய இடத்திலேயே பூசிக்கொண்டிருந்தாள்.

அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். உள்ளே வந்தார். அவள் கையிலிருந்த பிரஷை மெல்ல வாங்கினார். சுவரின் மேல்பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. ஸ்டூலை அதன் அடியில் இழுத்துப் போட்டு ஏறப் போனார்.

இனி நாள் குறிக்க மாட்டார். அவளுக்குப் புரிந்தது.

ஆனாலும் பிரஷைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அது கெடக்கட்டும் மச்சான். அவருக்கு எட்டுற எடம் அது. அவரு வந்து அடிச்சுக்குவாரு."

அஞ்சப்பன் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெருவில் இறங்கி நடந்தார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

அப்பாடா என்று இருந்தது. சிரிப்புக்கூட வந்தது.

அந்த வெள்ளையை அண்ணாந்து பார்த்தாள்.

ஸ்டூல் இல்லாமல் அவன் கை அவ்வளவு தூரம் எட்டுமா?

அவன் பக்கத்தில் நின்றால் தோள் எங்கே வரும்? ஈரச் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள்.

இங்கே.

இல்லை, இன்னும் கொஞ்சம் மேலே.

கை பட்ட இடமெல்லாம் பூச்சு கலைந்தது. இன்னும் மேலே வைத்தாள். கீழே வைத்தாள்.

சரியாக நினைவு வரவில்லை.