பாரனின் அங்கி

செல்வமலர் கயிற்றை ஜெயசிங்கத்தின் கழுத்தைச் சுற்றிப் போட்டு இழுத்தாள். அவருக்குக் கண் மெல்லப் பிதுங்கியது.

"இன்னும் கொஞ்சம் இறுக்கலாம், தங்கச்சி," என்றார் அவர். "மாதிரிப் படத்தில கொலர் நல்லா நிமிந்து நிக்குது."

அவள் பட்டுக்கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தாள். தன் மெரிலேண்ட்ஸ் வீட்டின் வரவேற்பறையில், கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் பால் பெட்டியின் மேல் ஏறி, சிவப்பு வெல்வெட் அங்கியோடு ஆளுயரக் கண்ணாடியை முறைத்துக்கொண்டு நின்றார் ஜெயசிங்கம். சனிக்கிழமை மண்டபத்தில் பட்டமேற்பு விழா.

பிளாக்டவுனில் மளிகைக்கடை வைத்திருக்கும் அவர் போன மாதம் தொட்டு ஒரு பாரன், அதாவது பிரபு. ஐரோப்பாவில் எப்போதோ நாட்டைப் பறிகொடுத்த அரச குடும்பம் ஒன்றின் இளவரசர், இன்டர்நெட்டில் பட்டம் விற்றுச் சீவிக்கிறார். செல்வமலரும் நாட்டைப் பறிகொடுத்தவள்தான், படகில் வந்தவள். விற்கப் பட்டம் எதுவும் கைவசம் இல்லாததால் பிளவுஸ் தைக்கிறாள்.

சனம் பாரனைப் 'பேரன்' ஆக்கி, ஆருடைய பேரன் என்று கேட்டுச் சிரித்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லைசென்சில் கூடப் பேரை மாற்றிவிட்டார். பழைய ஞாபகத்தில் "ஜெயசிங்கம் அண்ணை" என்று கூப்பிட்ட ஒருவருக்கு, கண்ணெதிரே கத்தரிக்காய் குவிந்து கிடக்க, கத்தரிக்காய் முடிந்துவிட்டதென்று கடையில் பதில் கிடைத்தது.

அவர் வாய் திறந்து ஓம் சொல்வதும் கிடையாது. நாடியை இடப்பக்கம் சரித்து, மெதுவாக ஒரே ஒரு தரம் தலையை ஆட்டுவார். பட்டம் தலைக்கேறிவிட்டது என்று கடைக்கு வருகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். அவருடைய மனைவி பேர்ளுக்கோ அதில் பெருமை. கலியாணம் பேச வந்த அன்றைக்கும் மனுசன் அப்படி ஒரு ஆட்டு ஆட்டியதோடு சரி, பிறவியிலேயே பிரபு என்பாள்.

அங்கி தைக்கக் கூலி வேண்டாம் என்று செல்வமலர் முதல்நாளே சொல்லிவிட்டாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பாரனின் முத்திரை போட்டுக் கொழும்புக்கு ஒரு கடிதம்.

சண்டை முடிந்த கையோடு, முகாம் வாசலில் அவளோடு வரிசையில் நின்ற இடத்தில் அவளுடைய புருஷன் பிரசாந்தனைப் பிடித்து லொறியில் ஏற்றினார்கள். சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு கதிரையில் இருந்த ஒருவன் ஒரு தரம் தலையாட்டியதுதான் காரணம். கொண்டுபோனவர்களைக் கேட்டால் அப்படி ஒரு ஆளே இல்லை என்கிறார்கள். காட்டிக்கொடுத்தவனைக் கேட்கலாமென்றால் அவன் யாரென்று தெரியாது. மனுசன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அவள் படியேறாத வாசல் இல்லை.

"உந்தக் கடிதத்தை எழுதிக் குடுங்கோவன்," என்றாள் பேர்ள், போனில் கமராவைச் சரிபார்த்தபடி. "பாவம், ஒரு சதம் வாங்காமல் தைச்சிருக்குது."

இளவரசரிடம் கேட்க வேண்டும், பாரன்மார் அரசியலுக்குள் போகக் கூடாதென்று விதி இருக்கிறது என்றார் ஜெயசிங்கம். சொல்லிவிட்டு, அங்கியின் தோள்பட்டையில் ஒட்டியிருந்த நூலைச் சுண்டிவிட்டார்.

செல்வமலர் பையைத் திறந்து, அதே சிவப்பு வெல்வெட்டில் தைத்த உறை போன்ற ஒன்றை வெளியே எடுத்தாள்.

"இதென்ன?"

"தலையங்கி, பாரன் அண்ணை. மிச்சத் துணியில தைச்சனான். அந்தக் காலத்துப் பாரன்மார் பட்டம் வாங்கேக்க இதைப் போட்டவையாம்."

"படத்தில இல்லையே."

அவருக்கு அதைத் தொடவே மனமில்லை. வேர்க்கும் என்றார், மூச்சு முட்டும் என்றார். பேர்ள் விடுவதாக இல்லை. "போடுங்கோ. மெல்பேர்ணில புதுசா ஒருத்தர் கவுண்ட் ஆகியிருக்கிறாராம், பாரனை விடப் பெரிய பட்டமாம். அவரிட்ட இப்பிடி ஒண்டு இருக்கோ?"

அந்த ஒரு சொல் போதும். கவுண்டிடம் இல்லாத ஒன்றுக்காக பாரன் தலையைக் குனிந்தார்.

உறை தலைக்கு மேலால் இறங்கி மார்பு வரைக்கும் மூடியது. வெல்வெட் வழுக்காமலிருக்க உள்ளே அரிசிச் சாக்குத் துணி வைத்துத் தைத்திருந்தாள் செல்வமலர். சாக்கு முகத்தில் பட்டதும் அவருடைய கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொண்டன. முன்பக்கம் கண்ணுக்கென்று இரண்டு ஓட்டை. புதிதாகப் போடுகிறவன் தடவித் தடவித்தான் அவற்றைக் கண்டுபிடிப்பான். அவர் தடவவில்லை. கண்கள் தாமாகவே போய் அங்கே நின்றன.

செல்வமலர் அவருக்கு நேர் எதிரே, வரிசையில் நிற்கிறவளைப் போல, கைகட்டி நின்றாள்.

"பாக்கத் தெரியுதோ, பாரன் அண்ணை?"

சிவப்புத் தலை இடப்பக்கம் சரிந்து, மெதுவாக ஒரே ஒரு தரம் ஆடியது.

பேர்ள் போனைத் தூக்கிப் படம் எடுத்தாள். எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"ஐயோ, எனக்கே ஆளை அடையாளம் தெரியேல்ல."

செல்வமலர் பல்லிடையில் கடித்திருந்த ஊசியை எடுத்துத் தன் சட்டைக் கழுத்தில் குத்தினாள்.

"எனக்கு இப்பத்தான் அக்கா தெரியுது."