இலையில் நீலம்

"ரெண்டு நாளா இருட்டுலதான் அடைச்சு வச்சிருக்கேன் டீச்சர். தண்ணியத் தவிர வேற எதுவும் குடுக்கல" என்றாள் ஆய்வக உதவியாளர். "கொஞ்சம் வாடிப்போச்சு. ஆனா உசுரோடதான் இருக்கு."

அலமாரியைத் திறந்து செம்பருத்தித் தொட்டியை வெளியே எடுத்து வைத்தாள்.

இருட்டில் கிடந்ததால் இலையில் இருந்த ஸ்டார்ச் எல்லாம் தீர்ந்திருக்கும். இனி ஓர் இலையின் நடுவில் கறுப்புத் தாளைச் சுற்றி, செடியை வெயிலில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்ட இடம் புதிதாக ஸ்டார்ச் செய்துகொள்ளும். அயோடின் விட்டால் கருநீலமாகும். தாள் மறைத்த இடம் ஆகாது.

வெயில்தான் இல்லை. மூன்று நாளாக விடாத மழை.

கடைசிப் பாடவேளையில் கல்வி ஆய்வாளர் வந்து வகுப்பில் உட்காரப் போகிறார். டீச்சருக்கு அந்தப் பள்ளியில் இது ஏழாவது வருடம். ஒவ்வொரு வருடமும் கடைசி நாளில் அவளை வேலையிலிருந்து நீக்கி, பள்ளி திறக்கும் நாளில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இன்றைய பாடம் ஆய்வாளருக்குத் திருப்தியாக இருந்தால் வேலை நிரந்தரம்.

"தாள் கோணலா இருக்கு டீச்சர்."

"இலை என்ன கண்ணாடி பாக்கவா போகுது? விடுங்கக்கா."

உதவியாளருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் 'குழாயடி அக்கா'. கழுவிக் கவிழ்த்த சோதனைக் குழாயை எடுத்து இன்னொரு முறை கழுவுகிறவள். தொட்டியை ஜன்னலோரம் வைப்பதற்கு முன் அதன் அடியையும் துடைத்தாள்.

நாற்பது நிமிடப் பாடத்தில் இலையை வேகவைத்துக் காட்ட நேரம் போதாது. அதனால் மதிய இடைவேளையிலேயே அக்கா அதைப் பறித்து, தாளைப் பிரித்து, ஸ்பிரிட்டில் வேகவைத்து, பச்சை போனதும் வெள்ளைத் தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

டீச்சர் ஜன்னலைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் மழை. தட்டைப் பார்த்தாள். இந்த இலை நீலமாகப் போவதில்லை.

அலமாரியிலிருந்து ஸ்டார்ச் கரைசலை எடுத்தாள். அளவுகோலை வைத்து, நடுவில் நேராக ஒரு பட்டையை மட்டும் விட்டுவிட்டு, தூரிகையால் இலை முழுக்கப் பூசினாள்.

கடைசிப் பாடவேளை. பின் வரிசையில் ஆய்வாளரும் தலைமையாசிரியையும். அக்கா தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். டீச்சர் சொட்டுச் சொட்டாக அயோடினை விட்டாள். இலை கருத்தது, நடுவில் ஒரு பட்டை மட்டும் பழுப்பாக, சற்றே கோணலாக நின்றது. பூசியது ஓரத்தில் வழிந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

முன் வரிசைப் பெண் கை தூக்கினாள். "மிஸ், காலைலேர்ந்து வெயிலே வரலையே. அப்புறம் எப்படி மிஸ்?"

"வெயில்தான வரல? மேகத்தைத் தாண்டி வெளிச்சம் வந்துச்சுல்ல, அதுவே செடிக்குப் போதும்."

ஆய்வாளர் அந்தப் பதிலைக் குறித்துக்கொண்டார். சொன்னவள் அதை நம்பவில்லை.

அந்தப் பெண் நோட்டில் இலையை வரைந்துகொண்டிருந்தாள். பட்டையைக் கோணலாகவே போட்டிருந்தாள். டீச்சர் குனிந்து பார்த்ததும் பயந்துபோய், "பாத்ததைத்தான் வரையணும், எதிர்பாத்ததை வரையக் கூடாதுன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க?" என்றாள்.

பள்ளி விட்டதும் தலைமையாசிரியையின் அறையில் ஆய்வாளர் படிவத்தில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். "வாழ்த்துகள். மழைக்கு நீங்க சொன்ன பதில் ரொம்ப நல்லாயிருந்துச்சு."

"சார், அந்த நீலம் செடியோடது இல்ல. நான் பூசுனது."

பூசிய விதத்தை அவள் விவரமாகச் சொன்னாள். அளவுகோல் வைத்ததைக்கூட மறைக்கவில்லை.

"உங்க நேர்மையைப் பாராட்டுறேன்" என்றார் ஆய்வாளர். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றி, அவரும் ஓர் அளவுகோலை வைத்து, 'நிரந்தரத்துக்குத் தகுதி' என்ற வரியை நேராக அடித்தார்.

"நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்" என்றார் தலைமையாசிரியை. "அடுத்த வருஷமும்தான்."

ஆய்வகத்துக்குத் தன் பையை எடுக்க வந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. ஏழு வருடத்தில் முதல் முறையாக நெஞ்சில் பாரமில்லை. வேலை போனது, போகட்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.

அக்கா வெள்ளைத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். "என்ன டீச்சர், வேலை கெடச்சுடுச்சா? இனிப்பு எங்க?"

"இல்லக்கா. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். நீங்க சாப்பிடப் போனப்ப அந்த இலை மேல ஸ்டார்ச்சைப் பூசி வச்சேன். அதைப் போய்ச் சொல்லிட்டும் வந்துட்டேன்."

அக்காவின் கை குழாய்க்கடியில் அப்படியே நின்றது.

"ஐயோ டீச்சர், என்னமோ பிசுபிசுன்னு இருக்குதேன்னு நான் அந்த இலையைச் சுடுதண்ணியில சுத்தமாக் கழுவிட்டுல்ல கொண்டுவந்து வச்சேன்!"