சீசனுக்கு முந்தி

ரயிலை விட்டு இறங்கிய குகதாசனுக்கு முதலில் தெரிந்தது அவளுடைய நடைதான். கம்பளிக் கோட்டும் தொப்பியும் ஆளை மறைத்திருந்தன. நடை அப்படியேதான் இருந்தது.

"வந்திட்டியளே," என்றாள் அருள்நாயகி.

லண்டனிலிருந்து விடியற்காலைப் பிளேன், பிறகு இரண்டு ரயில். இரவு எட்டு மணிக்கு அவன் திரும்பவும் ஹீத்ரோவில் இறங்கியாக வேண்டும். மறுநாள் காலை பிளேஸ்டோ பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட். மிஞ்சியது நாலு மணித்தியாலம்.

சுவிஸில் பனிச்சறுக்குக்குப் பேர்போன மலையூர் அது. சீசன் தொடங்க இன்னும் மூன்று கிழமை இருந்தது. ஹோட்டல்கள் யன்னல்களைச் சாத்திக் கிடந்தன. கேபிள் கார்கள் கொட்டகைக்குள் வரிசையாக நின்றன. அவள் கோப்பை கழுவும் ஹோட்டலும் பூட்டு. அவளுக்கு லீவு கிடைப்பதே இந்த நவம்பரில்தான்.

பனி உச்சிகளில் மட்டும் இருந்தது. இருவரும் அதைப் பார்த்தபடி நடந்தார்கள். ஒருவரை ஒருவர் பாராமல் இருக்க அது வசதியாக இருந்தது.

கலியாணம் முடித்துப் பத்து வருசம். ஒரு வீட்டில் இருந்தது ஏழு மாதம். எட்டாம் மாதம் ஆமி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

பிளேனில் வரும்போது அவளிடம் கேட்க எவ்வளவோ வைத்திருந்தான். இங்கே வந்ததும் குளிருதோ என்று மட்டும் கேட்டான். இல்லையென்று தலையாட்டினாள். வெறும் விரல்களை வாயருகே வைத்து ஊதினாள். தன் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்தான். அவள் அவற்றைப் போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

பூட்டிய ஹோட்டலின் முன்னால் கிடந்த வாங்கில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். இடியப்பம், சம்பல், ஆறிப்போன மீன் குழம்பு. போதும் என்று அவன் சொல்லுமுன் இன்னும் இரண்டை எடுத்து வைத்தாள். அவன் எத்தனை தின்பான் என்பதை அவள் மறக்கவில்லை.

நல்லாயிருக்கு என்றான்.

"அவர்தான் விடிய எழும்பி அவிச்சவர்," என்றாள் அவள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

கீழே கார் நிறுத்துமிடத்தில் ஒரு பழைய கார் நின்றது. அதற்குள் அவள் கணவன் சிவானந்தன், மூன்று வயது மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டு காத்திருந்தான்.

குகதாசன் ஆமி முகாமில் செத்துப்போனான் என்றுதான் அன்று செய்தி வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து, நாலு வருசம் பொட்டில்லாமல் இருந்து, பிறகுதான் அவள் சிவானந்தனைக் கட்டினாள். குகதாசன் உயிரோடு வெளியே வந்தபோது அவள் சுவிஸுக்கு வந்துவிட்டாள். ஒருவரிலும் பிழையில்லை. யாரையாவது கோபிக்க முடிந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

ரயிலடியில் சிவானந்தன் வந்து அவன் கையைப் பிடித்தான். "அண்ணை, இனியும் வாங்கோ."

குகதாசன் ஓம் என்றான். வரமாட்டான் என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது.

ஹீத்ரோவில் குடிவரவு அதிகாரி அவனுடைய அகதிப் பயணப் புத்தகத்தைப் புரட்டினார். காலையில் சுவிஸுக்குள் போன முத்திரையும், அன்றைக்கே வெளியேறிய முத்திரையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரு நாளுக்காக எதற்குப் போனாய் என்று கேட்டார்.

ஸ்னோ பார்க்க என்றான்.

அதிகாரி சிரித்தார். சீசன் இன்னும் தொடங்கவில்லையே, நீ முந்திப் போய்விட்டாய் என்றார்.

"இல்லை," என்றான் குகதாசன், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "நான் பிந்திப் போனன்."

பாவம், சொல் மாறிவிட்டது என்று நினைத்த அதிகாரி புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார்.